எந்தக் குட்டி?

காமன் நௌன் என்றால் என்ன, ப்ராப்பர் நௌன் என்றால் என்ன?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை இதற்குப் பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் கரமனை ஆற்றங்கரையில் நின்றபோது அந்த நினைப்பு போய்விட்டது. இந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான். இலக்கணப் பாடமா என்று அச்சுக் கோக்கிறவர் முகம் சுளிக்க வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெரிய பெண் சரஸாவுக்கு மறுநாள் ஸ்கூலில் இங்கிலீஷ் கிராமர் டெஸ்ட். காலையிலிருந்து கொட்டிய மழை விட்டிருந்தது. கூடத்தில் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் இனத்துக்கே பொதுவான பெயர் காமன் நௌன். பெண், ஆறு, ஊர்... ஒருத்தருக்கு அல்லது ஓர் இடத்துக்கு மட்டும் சொந்தமான பெயர் ப்ராப்பர் நௌன். சரஸா, கரமனை, திருவனந்தபுரம். ப்ராப்பர் நௌனுக்கு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட வேண்டும். காமன் நௌனுக்கு அந்த மரியாதை கிடையாது.

சரஸா பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா, நம்ம குட்டி எதுல சேர்த்தி?"

குட்டி என்பது என் சின்னப் பெண். நாலு வயசு. இனிமேல் வேண்டியிருக்காது என்று தொட்டிலைப் பரணில் ஏற்றிவிட்ட பிறகு, எனக்கு நாற்பதை நெருங்கும்போது பிறந்தவள். அவளை மடியில் வைத்துக்கொண்டு போனால் பேத்தியா என்று கேட்கிறவர்கள் உண்டு.

"ஆட்டுக்குட்டி, பூனைக்குட்டின்னா காமன் நௌன். நம்மாத்துக் குட்டி ப்ராப்பர் நௌன். பெரிய எழுத்துப் போடணும்" என்றேன்.

"குட்டிக்குப் பெரிய எழுத்தா!" என்று சரஸா உருண்டு உருண்டு சிரித்தாள்.

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து குட்டி ஓடி வந்து என் மடியில் ஏறினாள். நான் அவளை இறக்கிவிட்டேன். "போ கண்ணு, வாசல்ல போய் விளையாடு. அக்கா படிக்கணும்."

போனாள்.

சரஸாவின் கேள்வி என்னை முப்பது வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட்டுவிட்டது. நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடம்... வராந்தாவில் வரிசையாகச் சாய்த்து வைத்த ஓலைக்குடைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். வகுப்பில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். கண்ணை மூடிக்கொண்டே யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். எங்கள் தலையில் நல்லெண்ணெய் மணக்கும், அவர்கள் தலையில் காய்ச்சின தேங்காயெண்ணெய் மணக்கும். மத்தியானச் சோற்றுக்கு எங்கள் நாரத்தங்காய் அந்தப் பக்கம் போகும், அவர்கள் கண்ணிமாங்காய் ஊறுகாய் இந்தப் பக்கம் வரும்.

அந்த வகுப்பில் எங்கள் எல்லோரையும்விட இரண்டு வயது மூத்தவள் ஒருத்தி இருந்தாள். நல்ல உயரம். ஆனால் நாங்கள் அவளைக் கூப்பிடுவது தங்கச்சி! இந்த ஊரில் தங்கச்சி என்பது சில பெரிய குடும்பத்துப் பெண்களுக்குப் பட்டம் மாதிரி, பெயரோடு ஒட்டி வருவது. மதராஸ் பக்கத்திலிருந்து புதிதாக வந்த டீச்சருக்கு இது எப்படித் தெரியும்? ஒரு நாள், "தங்கச்சி பள்ளிக்கூடம் வந்தாள்" என்பதை இங்கிலீஷில் எழுதச் சொன்னார். தமிழ்ப் பெண்களில் பலர் யாரோ ஒரு இளைய சகோதரி வந்ததாக எழுதினார்கள். மற்றவர்கள் தங்கச்சியைத் தங்கச்சியாகவே, பெரிய எழுத்துப் போட்டு எழுதினார்கள். டீச்சர் அந்தப் பெரிய எழுத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போனார்.

அப்போது தங்கச்சி எழுந்து நின்றாள். நல்ல இங்கிலீஷில், நிதானமாகச் சொன்னாள்: "டீச்சர், நான் யாருக்கும் தங்கையில்லை."

கூரை ஓடு பறக்கிற மாதிரி சிரிப்பு! டீச்சரும்தான். அவர் சிரித்து அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தோம். தங்கச்சி இப்போது எங்கே இருக்கிறாளோ... அவளுக்கும் என்னைப் போல முன்தலை நரைத்திருக்குமோ என்னவோ.

இந்த ஊரே அப்படித்தான். தம்பி என்றால் வயதில் பெரியவராக இருப்பார். பிள்ளை என்றால் பேரன் எடுத்திருப்பார். மற்ற ஊர்களில் சாலை என்றால் ஏதோ ஒரு ரோடு; இங்கே சாலை என்றால் சாமான் வாங்கப் போகிற ஒரே கடைத்தெரு. கோட்டை என்றால் ஒரே கோட்டை. கோவில் என்றால் பத்மநாப ஸ்வாமி கோவில், வேறெதையும் பெயர் சொல்லித்தான் சொல்ல வேண்டும். காமன் நௌனையெல்லாம் பிடித்து வைத்துச் சொந்தமாக்கிக்கொள்கிற ஊர். அதுவும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்றே கிடையாதே. பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சரஸாவுக்குச் சொல்லிச் சொல்லி நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நடுவில், "குட்டீ, நீயும் வந்து கேளு" என்று கூப்பிட்டேன்.

எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"குட்டீ!"

வாசலில் ஒரு மரச்செப்பு கவிழ்ந்து கிடந்தது. மழைத்தண்ணீரில் பாதி நனைந்து.

முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தேன். பெற்றவர்களுக்குத் தெரியும், கால் தானாக எங்கே போகும் என்று. தண்ணீர் சலனமில்லாமல் இருந்தது. பிறகு மாட்டுக் கொட்டில், விறகு அறை, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு... "குட்டியைப் பாத்தேளா?" "குட்டி இங்க வந்தாளா?" எல்லா வீட்டிலும், "இப்பத்தானே ஆட்டுக்குட்டி பின்னாடி போயிண்டிருந்தா?" என்றார்கள். சில பேர் கிழக்கே கை காட்டினார்கள், சில பேர் மேற்கே. சரஸாவிடம், "நீ ஆத்துலயே இரு. வந்தா பிடிச்சு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினேன். செருப்பு இல்லை, குடை இல்லை.

எங்கள் தெரு முனையில் பெரிய ரோடு. அங்கேதான் எனக்கு இலக்கணப் பாடம் ஆரம்பித்தது. தெருமுனை வரைக்கும்தான் குட்டி ப்ராப்பர் நௌன், அதைத் தாண்டினால்...

ரோட்டோரத்தில் மரச்சீனிக் கிழங்கு விற்கிற ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "குட்டியைக் கண்டோ?" என்றேன் மூச்சு வாங்க.

அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மழை விட்ட சாயங்காலம். எங்கே பார்த்தாலும் குழந்தைகள். மலையாளத்தில் அத்தனை பேரும் குட்டிகள்தானே?

"ஏது குட்டி, அம்மாளே? எத்தற குட்டிகளா ஈ வழி போணது! பேரு பறயணும்."

"குட்டி."

"குட்டிதன்னெ. குட்டியுடெ பேரெந்தா?"

"குட்டின்னுதான்... குட்டி..."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தலை கலைந்து, வெறுங்காலோடு, ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறவளை வேறு எப்படிப் பார்ப்பாள்?

குட்டிக்குப் பெயர் இல்லாமல் இல்லை. நாள் பார்த்து, நெல்லில் எழுதி, காதில் மூன்று தடவை சொல்லி வைத்த பெயர் உண்டு. ஆனால் அது என் மாமியாரின் பெயர். அவர் காலமான மறு வருஷம் பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும், வைத்தோம். மாமியார் பெயரை மாட்டுப்பெண் எப்படிச் சொல்லுவாள்? கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. அதனால்தானே குட்டி? எங்கள் தெருவில் பாதிக் குழந்தைகள் இப்படித்தான் குட்டியும் அம்பியும் பாப்பாவுமாக வளர்கிறார்கள். சொல்ல முடியாத பெயர்களுக்கு மேலே போட்டு மூடிய துணி மாதிரி.

அந்த நேரத்திலும் வாய் வரவில்லை. நம்புவீர்களா? தொண்டை வரை வந்து நின்றது.

அப்போதுதான் பாலத்துப் பக்கமிருந்து கூச்சல். ஆட்கள் ஓடினார்கள். ஓடுகிறவர்கள் வாயில் இரண்டு வார்த்தைகள்தான் என் காதில் விழுந்தன. "குட்டி..." "ஆற்றில்..."

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. முழங்காலில் இன்னும் சிராய்ப்பு இருக்கிறது, விழுந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆறு சேற்று நிறத்தில் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. வாழை மட்டையும் தேங்காயும் சுழன்று சுழன்று போயின. இரண்டு பேர் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தார்கள். ஒரு வள்ளத்தில் நின்றுகொண்டு ஒருவர் கழுக்கோலால் அடியில் துழாவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை கோல் கீழே போகும்போதும் எனக்குள்...

வேண்டாம். அதை எழுத வரவில்லை.

பக்கத்தில் குடை பிடித்து நின்ற ஒரு பெரியவரின் கையைப் பிடித்து உலுக்கினேன். "ஆரு? தண்ணியில ஆரு?"

"ஒரு பெண்ணாணு" என்றார். "குட்டியுடெ அம்ம."

குழந்தை இல்லை! யாரோ ஒரு குழந்தையின் தாயார். எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அடுத்த நிமிஷமே வெட்கமாக இருந்தது. யார் பெற்ற பெண்ணோ, தண்ணீருக்கடியில் கிடக்கிறாள், நான் இங்கே நிம்மதியாக மூச்சு விடுகிறேனே! அந்தக் குழந்தை என்ன செய்யும் இனிமேல்?

"எந்தக் குட்டி?" என்று கேட்டேன்.

அவர் குடையைச் சாய்த்துக் காட்டினார். "அதா, ஆ சாயக்கடயில் இரிக்குந்ந குட்டி. பாவம்."

சாயக்கடை பெஞ்சில், காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டு, பச்சைப் பாவாடை முழுக்கச் சேறோடு, கையில் பாதி கடித்த ஏத்த வாழைக்காய் அப்பத்தோடு... எங்கள் குட்டி.

அப்புறம்தான் புரிந்தது. எங்கள் தெருவில் என்னை எல்லோரும் எப்படிக் கூப்பிடுவார்கள்? குட்டியோட அம்மா!

ஆற்றில் தேடுவது என்னை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி அவளை வாரி எடுத்தேன். அவள் அப்பத்தை என் தோளில் தேய்த்துக்கொண்டு, "ஆட்டுக்குட்டி ஓடிப்போயிடுத்தும்மா" என்று குற்றம் சொன்னாள்.

பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். இளைஞர். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். பாலத்தடியில் அழுதுகொண்டிருந்த குழந்தையை அவர்தான் தூக்கி வந்து, அப்பமும் வாங்கிக் கொடுத்து விசாரித்திருக்கிறார். அந்த விசாரணையைச் சாயக்கடைக்காரர் பிறகு நடித்தே காட்டினார்:

"குட்டியுடெ பேரெந்தா?"

"குட்டி."

"அச்சன்றெ பேரு?"

"அப்பா."

"அம்ம எவிடெ?"

"ஆத்துல."

எங்கள் தெருக்களில் வீட்டை ஆம் என்போம். வீட்டில் என்பதற்கு ஆத்துல. வடக்கேயிருந்து வந்தவர் காதில் அது எப்படி விழும்? பாலத்துக்கு அடியில் அழுகிற குழந்தை. பக்கத்தில் கரைபுரள ஓடுகிற வெள்ளம். அம்மா எங்கே என்றால், ஆற்றில் என்கிறது. பாவம், அவர் என்ன செய்வார்? விசிலை எடுத்து ஊதிவிட்டார்.

இப்போது அவர் என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ... ஆற்றில் ஆரா?"

எனக்கு இருந்த படபடப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆத்துல யாரும் இல்லை. என் பெரிய பொண்ணு மட்டும்தான் இருக்கா."

அவர் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பி, "வேறொரு பெண்குட்டி கூடியுண்டே!" என்று கத்தினார். வள்ளத்துக்காரர் கழுக்கோலை மறுபடி ஓங்கினார்.

"ஐயோ, இல்லை! இல்லை! ஆத்துலன்னா வீட்டுல! வீட்டில், ஸாரே, வீட்டில்!" என்று நானும் கத்தினேன்.

ஓங்கிய கோல் பாதியில் நின்றது. தண்ணீரில் முங்கி எழுந்த ஒருவர், மீசையிலிருந்து ஆறு வடிய வடிய, மெதுவாகக் கேட்டார்: "பின்னெ ஞங்ஙள் ஆரெயா இத்தற நேரம் தேடியது?"

"இவரைத்தான்" என்று சாயக்கடைக்காரர் என்னைக் காட்டினார்.

தங்கச்சி எழுந்து நின்ற நாளுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மரச்சீனிக்காரிதான் வந்து என்னைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தாள்.

போலீஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் எதிரில் குந்தி உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார். அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: அம்மா, இந்த ரோட்டில் போகிற எல்லாக் குழந்தையும் குட்டிதான். இந்தக் குழந்தைக்கென்று ஒரு பெயர் இருக்குமே, அதைச் சொல்லுங்கள். அதைக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கூட்டம் முழுவதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. குட்டியும்தான்.

"கோமதி" என்றேன்.

இத்தனை வருஷம் தொண்டையில் இருந்தது இவ்வளவு சின்ன வார்த்தையா? சொன்னேன், ஒன்றும் இடிந்து விழவில்லை. போலீஸ்காரருக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்க, "கோமதி! கோமதி!" என்றேன்.

குட்டி அப்பத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது யாரும்மா?"

ஆறு கொடுத்த பயத்தைவிட, இந்தக் கேள்வி கொடுத்த பயம்தான் எனக்கு இன்னும் விடவில்லை. பெற்ற பெண்ணின் பெயர் அவளுக்கே தெரியாது. யாருக்கும் பெயர் தெரியாத ரோட்டில், தன் பெயரும் தெரியாமல் அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறாள். வீட்டுக்குள் இருக்கிறவரை எந்தப் பெயரும் ப்ராப்பர் நௌன்தான். தொலைந்துபோன அந்தக் கொஞ்ச நேரத்தில் என் குட்டி, ஆயிரம் குட்டிகளில் ஒரு குட்டி. நானோ, பெயரே இல்லாத யாரோ ஒரு பெண். பத்தியின் தலையில் வாராவாரம் என் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். அன்றைக்கு ஆற்றங்கரையில் அது எதற்கு உதவிற்று?

எங்காத்துக்காரர் ஆபீசிலிருந்து வருவதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. எதிர்வீட்டு மாமி வந்து கேட்டது ஒரே கேள்வி: "ஏண்டி, குழந்தை சாயக்கடை அப்பத்தைச் சாப்பிட்டுடுத்தாமே?" ஆற்றிலே விழாததைவிட அது பெரிய விஷயம்!

அவர் எல்லாவற்றையும் கேட்டார். தூங்குகிற குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "எங்கம்மா பேரைச் சொன்னியாமே?" என்றார்.

"சொன்னேன். மூணு தரம். கத்தினேன்."

"அம்மா இருந்திருந்தா, 'இவ்வளவு லேட்டாவா சொல்றது'ன்னு உன்னைக் கோவிச்சிண்டிருப்பா" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து பாடம். சரஸாதான் டீச்சர். "உன் பேரென்ன?" "கோமதி." "அப்பா பேரென்ன?" "வேங்கடராமன்." அந்தக் கேள்விக்கு மட்டும் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன். மாமியார் பெயர் வந்துவிட்டது. ஆத்துக்காரர் பெயரை எழுதிவிட்டேன், வாயால் சொல்ல இன்னும் ஒரு வெள்ளம் வர வேண்டும் போலிருக்கிறது.

சரஸாவின் டெஸ்ட் பேப்பரும் வந்துவிட்டது. ப்ராப்பர் நௌனுக்கு உதாரணமாகப் பெரிய எழுத்துப் போட்டுக் குட்டி என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு! முப்பது வருஷமாகியும் அந்த மை தீரவில்லை பாருங்கள்.

போலீஸ்காரர் இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் தெரு வழியாகத்தான் ரோந்து போகிறார். எங்கள் பாஷையும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. வாசலில் நின்று தெருவே கேட்கும்படி குரல் கொடுப்பார்: "குட்டியுடெ அம்மே, ஆத்திலுண்டோ?"

எதிர்வீட்டுப் பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் கண் கூடத்தைத் துழாவுகிறது. தூணுக்குப் பின்னாலிருந்து பச்சைப் பாவாடையின் நுனி தெரிந்த பிறகுதான் எனக்குக் குரல் வருகிறது:

"ஆத்துலதான் இருக்கேன்!"